எதிராளி யாருன்னா... கடிகாரம்தான்!

சாரல் சீஸன்ல குற்றாலம் போறதுன்னா நம்ம ப்ளான் என்ன? ஒரு வேன், பத்து ஃப்ரெண்ட்ஸ், பேரருவியில ஒரு குளியல், ஐந்தருவியில இன்னொரு குளியல், பிரானூர் பார்டர்ல புரோட்டா - சிக்கன்... திரும்பி வர்றப்ப வேன் முழுக்கக் குறட்டை! தப்பே இல்ல பாஸ். ஆனா, அதே ஊரையும் அதே ரோட்டையும் வெச்சு இன்னொரு கணக்கு போட்டுப் பார்ப்போமா?

ஐம்பது மீட்டர் நீச்சல் குளத்துல, இந்தக் கரைக்கும் அந்தக் கரைக்குமா 76 தடவை நீந்தணும். உடம்பு காயறதுக்குள்ள சைக்கிள்ல ஏறி தென்காசி டு திருநெல்வேலி... திரும்பி தென்காசி... மறுபடியும் திருநெல்வேலி! அப்பவும் கொஞ்ச தூரம் மிச்சம் இருக்கும். அதையும் முடிச்சு சைக்கிளை ஓரங்கட்டிட்டு ஓட ஆரம்பிக்கணும். எவ்வளவு? தென்காசிக்கும் குற்றாலத்துக்கும் ஏழெட்டு நடை! இது எல்லாமே ஒரே நாள்ல, பதினேழு மணி நேரத்துக்குள்ள!

இதுக்குப் பேர்தான் அயர்ன்மேன் ட்ரையத்லான். நீச்சல் 3.8 கி.மீ., சைக்கிள் 180 கி.மீ., ஓட்டம் 42.2 கி.மீ.

'யாருய்யா இந்த வேலையெல்லாம் பண்றது?'ன்னு முறைக்காதீங்க. டாக்டர், டீச்சர், போலீஸ், சாஃப்ட்வேர் இன்ஜினீயர்னு பகல் முழுக்க வேலை பார்த்துட்டு, விடியற்காலையில பயிற்சி எடுக்கற அமெச்சூருங்கதான் இதுல பெரும் கூட்டம். முதல் பரிசு தங்களுக்கு இல்லைன்னு தெரிஞ்சேதான் வர்றாங்க. பக்கத்துல ஓடறவரைத் தோற்கடிக்கறது அவங்க குறிக்கோள் இல்ல. அவங்களுக்கு எதிராளி ஒரே ஒருத்தர்தான்... கடிகாரம்!

வாய்ச்சண்டையில் பிறந்த போட்டி

1977. ஹவாய்த் தீவுகள்ல ஒரு ஓட்டப் பந்தயத்தின் பரிசளிப்பு விழா. 'உண்மையிலேயே ஃபிட்டான ஆளு யாரு... நீச்சல்காரனா, ஓட்டக்காரனா?'ன்னு ஒரு வாக்குவாதம். நம்ம டீக்கடை பெஞ்சுல நடக்குமே, அதே மாதிரிதான்! அங்க இருந்த அமெரிக்கக் கடற்படை அதிகாரி ஜான் காலின்ஸ், 'சைக்கிள்காரங்களை விட்டுட்டீங்களே'ன்னு நடுவுல புகுந்தார். அந்தத் தீவுல தனித்தனியா நடந்துக்கிட்டிருந்த மூணு பந்தயங்களை ஒண்ணா ஒட்டி, ஒரே நாள்ல நடத்தலாம்னு ஐடியா கொடுத்ததும் அவர்தான்.

1978 பிப்ரவரி 18-ம் தேதி, 15 பேர் கிளம்பினாங்க. முடிச்சவங்க 12 பேர். ஜெயிச்சவர் கார்டன் ஹாலர். நேரம் 11 மணி 46 நிமிஷம் 58 விநாடி. ரெண்டாவதா வந்த ஜான் டன்பாருக்கு வழியில தண்ணி தீர்ந்துபோய், கூட வந்தவங்க பீரை எடுத்துக் கொடுத்தாங்க. (மக்கா, இது டிப்ஸ் இல்ல!) ஐடியா கொடுத்த காலின்ஸும் அன்னிக்குக் கலந்துக்கிட்டு முழுசா முடிச்சார்.

ஆனா, இந்தப் போட்டியை உலகத்துக்கே தெரிய வெச்சது ஜெயிச்ச ஒருத்தர் இல்ல... தோத்த ஒரு காலேஜ் பொண்ணு! ஜூலி மாஸ். தன்னோட படிப்புக்கான ஆராய்ச்சிக்காக 1982-ல இதுல இறங்கினவர். பெண்கள் பிரிவுல முதல் ஆளா வந்துக்கிட்டிருந்தவர், எல்லைக்கோடு கண்ணுக்குத் தெரியற நேரத்துல கால் மடங்கி விழுந்தார். எழுந்தார், மறுபடி விழுந்தார். அதுக்குள்ள கேத்லீன் மெக்கார்ட்னி அவரைத் தாண்டிப் போயிட்டார். ஜூலி தவழ்ந்தே போய்க் கோட்டைத் தொட்டப்ப, வித்தியாசம் வெறும் 29 விநாடி. டி.வி-யில அதைப் பார்த்த பல பேர், 'நானும் இதை ஒரு தடவை முடிக்கணும்'னு கிளம்பினாங்க. 'ஜெயிக்கணும்'னு இல்ல, 'முடிக்கணும்'னு!

ரெண்டரை நிமிஷம்!

இந்தியாவுக்கு அயர்ன்மேன் வந்தது 2019 அக்டோபர்ல, கோவாவுக்கு. இது பாதி தூரம். 1.9 கி.மீ. கடல் நீச்சல், 90 கி.மீ. சைக்கிள், 21.1 கி.மீ. ஓட்டம். மைல் கணக்குல மொத்தம் 70.3. அதனாலதான் 'அயர்ன்மேன் 70.3'னு பேரு.

இதுல கெடு எட்டரை மணி நேரம். நீச்சலை 1 மணி 10 நிமிஷத்துல முடிக்கலைன்னா சைக்கிள் கிட்டயே விட மாட்டாங்க. அடுத்தடுத்த கட்டத்துக்கும் தனித்தனிக் கெடு உண்டு. 2024-ல பெங்களூரு தெற்கு எம்.பி. தேஜஸ்வி சூர்யா இந்தப் போட்டியை முடிச்ச நேரம் 8 மணி 27 நிமிஷம் 32 விநாடி. அரசியலைத் தள்ளி வெச்சுட்டு அந்த எண்ணை மட்டும் பாருங்க. மிச்சம் இருந்தது ரெண்டரை நிமிஷத்துக்கும் குறைவு!

ரெண்டரை நிமிஷம்னா என்ன? தண்ணியிலிருந்து வெளிய வந்து ஈரக்கால்ல சாக்ஸ் மாட்ட முடியாம தடுமாறினா போச்சு. நூறு சைக்கிள் வரிசையா நிக்கற இடத்துல 'என் வண்டி எங்க?'ன்னு தேடினா போச்சு. ஹெல்மெட் பட்டியை மாட்டாம சைக்கிளைத் தொட்டா, அதுக்குத் தனியா தண்டனை. அதனாலதான் ஒரு விளையாட்டிலிருந்து இன்னொண்ணுக்கு மாறற இந்த இடைவெளியை 'நாலாவது விளையாட்டு'ன்னே சொல்றாங்க. இதையும் தனியா ப்ராக்டிஸ் பண்ணணும்!

முழு தூரத்தை முடிச்சவங்களும் நம்ம நாட்டுல இருக்காங்க. மாடலும் நடிகருமான மிலிந்த் சோமன் 2015-ல ஸ்விட்சர்லாந்தின் ஜூரிச்ல முடிச்சப்ப அவருக்கு வயசு 49. எடுத்துக்கிட்டது பதினைஞ்சே கால் மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேல. இருபது வயசுல பஸ்ஸுக்கு ஓடி மூச்சு வாங்கறவங்க கவனிக்க!

தென்காசிக் காத்து கத்துக்கொடுக்கற பாடம்

இப்ப நம்ம ஊருக்கு வருவோம். ஜூன், ஜூலையில தென்காசியிலிருந்து பாவூர்சத்திரம் வழியா ஆலங்குளம் பக்கம் சைக்கிள் மிதிச்சிருக்கீங்களா? சும்மா பறக்கும்! 'ஆஹா, நாமதான் அடுத்த சாம்பியன்'னு தோணும். ஆனா மிதிச்சது பாதி நீங்க, பாதி காத்து. செங்கோட்டைக் கணவாய் வழியா மேற்கிலிருந்து அடிக்கற அந்தக் காத்தை நம்பித்தான் இந்தப் பக்கம் அத்தனை காற்றாலைகள் நிக்குது. திரும்பி மேற்கே வாங்க, தெரியும் சேதி! அதே காத்து மூஞ்சியில அறையும். இறக்கத்துலகூட மிதிக்க வேண்டியிருக்கும். ரோட்டோர டீக்கடை அண்ணாச்சி, 'என்ன தம்பி, சைக்கிளைத் தள்ளிட்டே வர்றீய?'ன்னு கேட்பாரு.

நீண்ட தூர ட்ரையத்லானோட மொத்த சூத்திரமும் இதுதான். போகும்போதே திரும்பி வர்றதுக்கு மிச்சம் வைக்கணும். முதல் மணி நேரத்துல 'இவ்வளவு மெதுவாவா போறோம்?'னு உங்களுக்கே கூச்சமா இருந்தா, சரியாப் போறீங்கன்னு அர்த்தம்.

சரி, முன்னால போறவர் முதுகுக்குப் பின்னால ஒட்டிக்கிட்டுக் காத்துலிருந்து தப்பிக்கலாமேன்னா... அதுக்கும் வழியில்ல. அயர்ன்மேன்ல அது குற்றம். இடைவெளி விடாம ஒட்டிக்கிட்டு ஓட்டினா நேரத் தண்டனை உண்டு. உங்க காத்தை நீங்கதான் கிழிக்கணும்!

சைக்கிள்லிருந்து இறங்கினதும் இன்னொரு கூத்து நடக்கும். மணிக்கணக்கா வட்டமா சுத்தின காலு, ஓடச் சொன்னா கேட்காது. முட்டிக்குக் கீழ அது நம்ம காலே இல்லைங்கற மாதிரி இருக்கும். மருந்து ஒண்ணுதான்... வாரம் ஒரு தடவையாவது சைக்கிளை நிறுத்தின கையோட ஒரு கிலோமீட்டராவது ஓடிப் பழகறது.

வயிறும் ஓடணும்!

நம்ம உடம்பு மாவுச்சத்தைச் சேர்த்து வைக்கற இடம் ரொம்பச் சின்னது. தொடர்ந்து உழைச்சா சில மணி நேரத்துல காலி. அப்புறம் கண்ணு இருட்டும், காரணமே இல்லாம அழுகைகூட வரும். அதனால, பசிக்கறதுக்கு முன்னாடியே மணிக்கு ஒரு தடவையாவது சாப்பிட்டுக்கிட்டே போகணும். இதுக்காக வெளிநாட்டுல பாக்கெட் பாக்கெட்டா ஜெல் விக்கறாங்க. நமக்கு வாழைப்பழம் இருக்கு, பக்கத்துலயே கோவில்பட்டி கடலை மிட்டாய் இருக்கு! ஆனா எது உங்க வயித்துக்கு ஒத்துக்கும்னு பயிற்சியிலயே பார்த்துடணும். போட்டி அன்னிக்குப் புதுசா எதையும் வாயில வைக்காதீங்க.

இன்னொரு முக்கியமான விஷயம். வேர்வையில தண்ணி மட்டும் போறதில்ல, உப்பும் போகுது. வெறும் தண்ணியை மட்டும் லிட்டர் லிட்டரா குடிச்சா, ரத்தத்துல சோடியம் குறைஞ்சு மயக்கம், வலிப்பு வரைக்கும் போகலாம். உப்புப் போட்ட மோர், உப்பு - சர்க்கரைக் கரைசல்... பாட்டி வைத்தியம்தான் பாஸ்!

அருவி நீச்சல் குளம் இல்ல!

'குற்றாலத்துல பொறந்து வளர்ந்தவன், எனக்கா தண்ணி பயம்?'னு காலரைத் தூக்காதீங்க. அருவியில நிக்கறது வேற, நீந்தறது வேற. 2024 மே 17-ம் தேதி பழைய குற்றாலத்துல திடீர்னு வந்த வெள்ளம் 17 வயசுப் பையன் ஒருத்தரை அடிச்சுட்டுப் போனதை மறந்துடாதீங்க. மலை மேல பெய்யற மழை கீழ நிக்கற நமக்குத் தெரியாது. ஆபத்து ஒலி கேட்டா, 'இன்னும் ரெண்டு நிமிஷம்'னு சொல்லாம வெளிய வந்துடணும்.

நீந்தக் கத்துக்கறதுன்னா பயிற்சியாளரும் உயிர்காப்பாளரும் இருக்கற குளத்துலதான். கிணத்துல பழகினவங்களுக்கும் இது பொருந்தும். கிணத்துல குதிச்சு நாலு கை போட்டா கரை வந்துடும். ட்ரையத்லான்ல முகத்தைத் தண்ணிக்குள்ள வெச்சு, மூச்சைக் கணக்கா விட்டு, பதறாம ஒரு மணி நேரம் போகணும். பக்கத்துல போறவர் கை உங்க மூக்கு மேல விழும். கோபப்பட்டா மூச்சு போச்சு!

நீச்சல்னதும் ஒரு பேரைச் சொல்லியே ஆகணும். குற்றாலநாதர் பேரைச் சுமந்த நம்ம தமிழ்நாட்டுக்காரர்... குற்றாலீஸ்வரன்! 1994-ல, இன்னும் பதிமூணு வயசுகூட முடியாத அந்தப் பையன் பாக் நீரிணை, ஆங்கிலக் கால்வாய்னு ஒரே வருஷத்துல ஆறு நீரிணைகளைக் கடந்தார். 1966-ல ஒரே வருஷத்துல ஐந்தைக் கடந்த மிஹிர் சென்னோட சாதனை உடைஞ்சது. 1996-ல அர்ஜுனா விருதும் வந்தது. அப்புறம்? தொடர்ந்து செலவு செய்ய ஸ்பான்சர் இல்ல. போட்டி நீச்சலை விட்டுட்டுப் படிப்பு, வேலைன்னு போயிட்டார். இருபது வருஷத்துக்கும் மேல கழிச்சு அவர் மறுபடியும் விளையாட்டுக்குள்ள வந்தது அயர்ன்மேன் ட்ரையத்லான் வழியாத்தான். நாட்டுக்காக நீந்தினப்ப அவரை நிறுத்தினது காசு. இப்ப அவரும் நம்மை மாதிரி சொந்தக் காசுல, கடிகாரத்தோட போட்டி போடற அமெச்சூர்!

சரி, எங்கிருந்து ஆரம்பிக்கறது?

ஒளிவு மறைவில்லாம சொல்லிடுவோம். அயர்ன்மேன் நுழைவுக் கட்டணம், சைக்கிள், பயணம்னு சேர்த்தா நம்ம பாக்கெட் மணி தாங்காது. 18 வயசு ஆகாம சேர்த்துக்கவும் மாட்டாங்க. ஆனா ட்ரையத்லான்னா அயர்ன்மேன் மட்டும் இல்லையே! 'ஸ்பிரின்ட்'னு ஒரு சின்ன அளவு இருக்கு. 750 மீட்டர் நீச்சல், 20 கி.மீ. சைக்கிள், 5 கி.மீ. ஓட்டம். சிட்னியில 2000-ம் வருஷம் ஒலிம்பிக்ல நுழைஞ்ச அளவு அதைப்போல ரெண்டு மடங்கு, அதாவது 1.5, 40, 10.

ஸ்பிரின்ட்டுக்கு கியர் சைக்கிள்கூட கட்டாயம் இல்ல. பிரேக் பிடிக்கணும், ஹெல்மெட் இருக்கணும், அவ்வளவுதான். தென்காசியிலிருந்து குற்றாலம் போய் ஐந்தருவியைத் தொட்டுத் திரும்பினா சைக்கிள் கணக்கு கிட்டத்தட்ட முடிஞ்சது. சீஸன் கூட்டம் வர்றதுக்கு முன்னாடி, விடிஞ்சதும் கிளம்பிடுங்க. புளியரை மலைப்பாதை பார்க்க ஆசையாத்தான் இருக்கும். ஆனா கேரளா லாரிகளுக்கு நடுவுல அங்க பயிற்சி வேண்டாம். தொடங்கறதுக்கு முன்னாடி ஒரு டாக்டர்கிட்ட இதயத்தையும் ரத்த அழுத்தத்தையும் காட்டிடுங்க.

மூணும் ஒருத்தரே செய்ய முடியலையா? மூணு பேர் சேருங்க. ஒருத்தர் நீச்சல், ஒருத்தர் சைக்கிள், ஒருத்தர் ஓட்டம். கோவாவுலயே இந்த ரிலே முறை உண்டு. உங்க காலேஜ் ஸ்போர்ட்ஸ் டேயில நூறு மீட்டர், குண்டு எறிதலோட இதையும் ஒரு ஐட்டமா சேர்க்கச் சொல்லி பி.டி. மாஸ்டர்கிட்ட கேளுங்க. செலவு அதிகமில்ல. ஒரு நீச்சல் குளம், ஒரு ஆம்புலன்ஸ், ரோட்டைப் பார்த்துக்க நாலு என்.எஸ்.எஸ். நண்பர்கள், ஒரு ஸ்டாப் வாட்ச்.

முக்கியமா ஒரு விதி வைங்க. முதல் ஆளுக்குக் கைதட்டிட்டுக் கலைஞ்சு போகக் கூடாது. கெடு முடியற கடைசி நிமிஷம் வரைக்கும் எல்லைக்கோட்டுல நிக்கணும். அயர்ன்மேன்ல கைதட்டல் உச்சத்துக்குப் போறது ராத்திரியில, கடைசி ஆள் தள்ளாடித் தள்ளாடி வர்றப்பதான்!