ஆடத் தெரிந்ததை எழுதவும் தெரியணும்: விண்கலச் சுடும் விளையாட்டும் விளக்கக் கட்டுரையும்



காணொலி விளையாட்டு பற்றித் தலைப்புக் கொடுத்தால் நம் மாணவர்கள் பெரும்பாலும் என்ன எழுதுகிறார்கள்? "கண் கெடும், நேரம் வீணாகும், படிப்பு பாழாகும்." நன்மையைக் கேட்டால், "மூளை சுறுசுறுப்பாகும்." அதோடு சரி. அதே மாணவனை ஓய்வு நேரத்தில் கேட்டுப் பாருங்க. எந்த எதிரி எந்தப் பக்கம் வரும், எங்கே ஒதுங்கணும், எந்த ஆயுதத்தை எப்போ எடுக்கணும்னு மூச்சு விடாமல் பத்து நிமிடம் பேசுவான். பேசுவதும் தமிழில்தான். அந்தத் தமிழ் ஏன் தாளில் இறங்குவதில்லை?

கேமரன் மலைத் தேயிலைத் தோட்டங்களிலிருந்து இடைநிலைப்பள்ளிக்கு வரும் பிள்ளைகளுக்கு இக்கேள்வி இன்னும் முக்கியம். மாதிரிக் கட்டுரைகளில் வருவது பெரும்பாலும் நகரத்துப் பிள்ளையின் உலகம். 'நமக்குத் தெரிந்தது கட்டுரைக்கு ஆகாது' என்று இவர்கள் தாங்களாகவே முடிவு கட்டிவிடுகிறார்கள். போவது புள்ளி மட்டுமல்ல. தன் அறிவைத் தமிழில் சொல்ல முடியும் என்ற நம்பிக்கையும் போகிறது. ஆகவே, ஒரே ஒரு விளையாட்டு வகையை எடுத்து, அதை முழுமையாக விளக்குவது எப்படி என்று இங்கே பார்ப்போம்.

1. இது என்ன விளையாட்டு?

முதலில் வரையறை. ஆட்டக்காரர் ஒரு விண்கலத்தை இயக்குகிறார். கலம் திரையின் இடப்பக்கம் நிற்கும். எதிரிகள் பெரும்பாலும் வலப்பக்கத்திலிருந்து வருவார்கள். பின்னணி வலமிருந்து இடமாக நகர்ந்துகொண்டே இருக்கும். மோதாமலும் சுடப்படாமலும் கட்டத்தின் எல்லைவரை போய், அங்குள்ள பெரிய எதிரியை வீழ்த்த வேண்டும். இதுவே பக்கவாட்டில் நகரும் விண்கலச் சுடும் விளையாட்டு.

அடுத்து வரலாறு. 1978இல் ஜப்பானின் டைட்டோ நிறுவனம் வெளியிட்ட ஸ்பேஸ் இன்வேடர்ஸ் விளையாட்டில் திரை நகராது. எதிரிகள் மேலிருந்து இறங்குவார்கள். 1981இல் வெளிவந்த டிஃபெண்டர், திரையைப் பக்கவாட்டில் நகர்த்தியது. அதே ஆண்டில் கொனாமி வெளியிட்ட ஸ்கிராம்பிள் விளையாட்டில் திரை தானாகவே நகரும். ஆட்டக்காரர் நிறுத்த முடியாது. எரிபொருளும் குறைந்துகொண்டே போகும். அதன் பின் கொனாமியின் கிரேடியஸ் (1985), ஐரெம் நிறுவனத்தின் ஆர்-டைப் (1987) ஆகியவை இவ்வகையை நிலைநிறுத்தின.

இதெல்லாம் எங்கேயோ நடந்த கதை என்று நினைக்காதீங்க. 2000ஆம் ஆண்டில் வந்த நோக்கியா 3310 கைத்தொலைபேசியில் ஸ்பேஸ் இம்பேக்ட் என்ற விளையாட்டு இருந்தது. அதுவும் இதே வகைதான். திரையின் அகலம் 84 படப்புள்ளி, உயரம் 48 படப்புள்ளி, வண்ணம் கிடையாது. அந்தச் சின்னத் திரைக்குள் விண்கலம், எதிரிக் கூட்டம், பெரிய எதிரி எல்லாம் இருந்தன. இணையமும் தேவையில்லை. மலைச்சரிவில் தொடர்பு கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும் ஆடலாம். வீட்டில் அப்பா, அம்மா, மாமா யாரிடமாவது கேட்டுப் பாருங்க, கட்டுரைக்கு ஒரு நல்ல சான்று கிடைக்கலாம்.

2. திரை எப்படி நகர்கிறது?

விளக்கக் கட்டுரையில் 'எப்படி' என்ற கேள்விக்குப் பதில் இருக்க வேண்டும். இங்கே உங்கள் ஊரே உதவி செய்யும்.

பள்ளிப் பேருந்தில் சன்னலோரம் உட்கார்ந்து வெளியே பாருங்க. சாலையோரத் தேயிலைச் செடிகள் சர்ரென்று பின்னால் ஓடும். எதிர்ச்சரிவில் உள்ள செடி நிரைகள் மெதுவாக நகரும். அதற்கும் அப்பால் உள்ள மலைமுகடு நகர்வதே தெரியாது. கிட்டே இருப்பது வேகமாகவும் தூரத்தில் இருப்பது மெதுவாகவும் நகர்வதுபோல் கண்ணுக்குப் படுகிறது. விளையாட்டை உருவாக்குபவர்கள் இதையேதான் செய்கிறார்கள். பின்னணியை இரண்டு மூன்று அடுக்குகளாக வரைந்து, முன் அடுக்கை வேகமாகவும் பின் அடுக்கை மெதுவாகவும் நகர்த்துகிறார்கள். தட்டையான திரையில் ஆழம் தெரிகிறது. 1982இல் வந்த மூன் பெட்ரோல் இம்முறையைக் காட்டிய தொடக்க கால விளையாட்டுகளில் ஒன்று.

இன்னொன்றும் கவனியுங்க. கலம் முன்னே பறக்கவே இல்லை. பின்னணிதான் பின்னே போகிறது. "கலம் பறப்பதுபோல் தோன்றுகிறது, உண்மையில் நகர்வது பின்னணியே" என்று ஒரு மாணவர் எழுதினால், அவர் தோற்றத்தையும் உண்மையையும் பிரித்துச் சொல்லத் தெரிந்தவர்.

3. எப்படி ஆடுவது?

செய்முறையை வரிசைப்படுத்தி எழுதுங்க. ஒவ்வொரு செயலுக்கும் ஒரு காரணம் சேருங்க.

முதலாவது, கண் தன் கலத்தின் மேல் இருக்கக் கூடாது. திரையின் வலப்பாதியில் இருக்க வேண்டும். ஏனெனில், ஆபத்து பெரும்பாலும் அங்கிருந்துதான் வருகிறது.

இரண்டாவது, மேல் விளிம்பிலோ கீழ் விளிம்பிலோ ஒட்டிக்கொண்டு நிற்கக் கூடாது. அங்கே ஒதுங்குவதற்கு ஒரு திசை குறைந்துவிடும்.

மூன்றாவது, எதிரிகள் வரும் ஒழுங்கை நினைவில் வைக்க வேண்டும். பழைய விளையாட்டுகளில் எதிரிகள் பெரும்பாலும் ஒவ்வொரு முறையும் அதே இடத்தில், அதே வரிசையில் வருவார்கள். தோற்ற இடத்தை நினைவில் வைத்தவர் அடுத்த முறை தாண்டிப் போவார்.

நான்காவது, சிறப்பு ஆயுதத்தைச் சிக்கனமாகப் பயன்படுத்த வேண்டும். ஸ்பேஸ் இம்பேக்டில் சாதாரணக் குண்டுக்குக் கணக்கில்லை. சிறப்பு ஆயுதத்துக்கு எண்ணிக்கை உண்டு. வழியில் எல்லாவற்றையும் வீசிவிட்டால், கட்டத்தின் முடிவில் வரும் பெரிய எதிரியிடம் வெறுங்கையோடு நிற்க வேண்டியதுதான்.

4. ஒரு பத்தி, இரண்டு விதம்

'காணொலி விளையாட்டின் நன்மை' என்பதற்கு வழக்கமாக வரும் பத்தி இது:

"காணொலி விளையாட்டு மாணவர்களுக்கு மிகவும் நல்லது. அது மூளையை வளர்க்கும். சிந்திக்கும் ஆற்றலைத் தரும். ஆகவே, அனைவரும் விளையாட வேண்டும்."

பிழை இல்லை. ஆனால் சான்றும் இல்லை. 'காணொலி விளையாட்டு' என்பதை எடுத்துவிட்டு 'சதுரங்கம்' என்று போட்டாலும் பத்தி அப்படியே நிற்கும். அப்படியானால் அது எதைப் பற்றியும் சொல்லவில்லை என்றுதான் பொருள். இப்போது இதைப் பாருங்க:

"விண்கலச் சுடும் விளையாட்டு, காத்திருந்து முடிவெடுக்கும் திறனைக் கோருகிறது. எடுத்துக்காட்டாக, கிரேடியஸ் விளையாட்டில் ஆட்டக்காரர் ஆற்றல் உறைகளைச் சேர்க்கிறார். ஓர் உறை கிடைத்தவுடன் செலவழித்தால் வேகம் மட்டுமே கூடும். நான்கு சேரும்வரை பொறுத்தால் லேசர் ஆயுதம் கிடைக்கும். ஆனால், அதுவரை மெதுவான கலத்தைக் கொண்டே எதிரிகளைச் சமாளிக்க வேண்டும். எனவே, உடனடிப் பயனா, பிற்காலப் பயனா என்பதை அவர் ஓடும் திரைக்கு நடுவே எடைபோட வேண்டியுள்ளது."

கருத்து, சான்று, காரணம், மறுபக்கம், முடிவு ஆகிய ஐந்தும் இப்பத்தியில் உள்ளன. 'சதுரங்கம்' என்று மாற்றிப் பாருங்க, பத்தி நிற்காது. உங்கள் பத்தியையும் இப்படியே சோதித்துப் பார்க்கலாம்.

5. நன்மை தீமை எழுதும்போது

"ஆய்வுகள் கூறுகின்றன" என்று மொட்டையாக எழுதாதீங்க. 2003இல் நேச்சர் ஆய்விதழில் கிரீன், பவேலியர் என்ற இருவர், அதிரடி விளையாட்டு ஆடுவோரின் பார்வைக் கவனம் மேம்பட்டிருப்பதாக வெளியிட்டனர். ஆனால், அந்த ஆய்வின் பயிற்சிப் பகுதியில் பயன்பட்டது, வீரரின் கண்வழியே காட்சி தெரியும் போர் விளையாட்டு. நம் விண்கல விளையாட்டு அல்ல. ஆகவே, "சில அதிரடி விளையாட்டுகள்" என்று அளவோடு எழுதுவதே நேர்மை.

தீமைக்கும் இதே விதிதான். உலகச் சுகாதார நிறுவனத்தின் 11ஆம் நோய் வகைப்பாடு 2022 ஜனவரி முதல் நடப்புக்கு வந்தது. அதில் விளையாட்டுக் கோளாறு இடம்பெற்றுள்ளது. ஆட்டத்தைக் கட்டுப்படுத்த முடியாமை, மற்ற வேலைகளைவிட ஆட்டத்துக்கே முதலிடம், பாதிப்பு தெரிந்தும் தொடர்தல் ஆகியவை அதன் அடையாளங்கள். வழக்கமாக 12 மாதங்களாவது இந்நிலை நீடித்திருக்க வேண்டும். விடுமுறையில் இரண்டு மணி நேரம் ஆடிய பிள்ளையை 'அடிமை' என்று எழுதுவது சரியாகாது.

6. மொழியில் கவனிக்க வேண்டியவை

• பேசும்போது எதிரியை 'அவன்' என்போம். "அவன் வந்த உடனே ஒதுங்கிடணும்" என்பதை, "எதிரிக் கலம் தோன்றியவுடன் ஒதுங்கிவிட வேண்டும்" என்று எழுதுக.

• "கலங்கள் வந்தது" பிழை. "கலங்கள் வந்தன" சரி.

• "சுட்டுத் தள்ளியது" என்பதில் வல்லினம் மிகும். "வந்து தாக்கியது" என்பதில் மிகாது. முன்னது வன்தொடர்க் குற்றியலுகரம், பின்னது மென்தொடர்.

• 'விண்கலம்' + 'சண்டை' = விண்கலச் சண்டை.

• தோட்டத்தில் பெரியவர்கள் செடி வரிசையை 'நிரை' என்பார்கள். அது கொச்சை அல்ல. யாப்பில் நாம் படிக்கும் நிரையசையில் இருப்பதும் அதே சொல்தான். "எதிரிக் கலங்கள் நிரை நிரையாக வந்தன" என்று தாராளமாக எழுதலாம்.

7. வகுப்பில் செய்து பார்க்க

ஆசிரியர்களே, மாணவர்களை இருவர் இருவராக உட்கார வையுங்கள். ஒருவர் தனக்குத் தெரிந்த விளையாட்டின் ஒரு கட்டத்தை மூன்று நிமிடம் பேச்சுத் தமிழில் சொல்லட்டும். மற்றவர் கேட்டதைக் கேட்டபடியே குறித்துக்கொள்ளட்டும். பிறகு இருவரும் சேர்ந்து அதை எழுத்துத் தமிழுக்கு மாற்றி, ஒவ்வொரு செயலுக்கும் 'ஏனெனில்' சேர்க்கட்டும். விளையாட்டில் நாட்டமில்லாத பிள்ளை இருந்தால், கொழுந்து வெட்டும் வேலையையோ வீட்டுச் சமையலையோ சொல்லலாம். முறை ஒன்றுதான்.

மாணவர்களே, பயிற்சிக்கு மூன்று தலைப்புகள்:

அ) நீ விரும்பி ஆடும் ஒரு காணொலி விளையாட்டின் செயல்முறையை விளக்கி எழுதுக.

ஆ) காணொலி விளையாட்டு மாணவர்களின் முடிவெடுக்கும் திறனை வளர்க்கிறது. இக்கூற்றை ஒட்டி வாதிட்டு எழுதுக.

இ) பழைய கைத்தொலைபேசி விளையாட்டுக்கும் இன்றைய இணைய விளையாட்டுக்கும் உள்ள வேறுபாடுகளை விளக்கி எழுதுக.

முதல் தலைப்பிலிருந்தே தொடங்குங்க. அதற்கு வேண்டிய செய்தி ஏற்கெனவே உங்களிடம் இருக்கிறது. எந்த வழிகாட்டி நூலையும் புரட்ட வேண்டியதில்லை. எழுதி முடித்ததும், அந்த விளையாட்டையே பார்த்திராத ஒருவரிடம் படிக்கக் கொடுங்க. படித்துவிட்டு அவர் ஆட்டத்தைத் தொடங்க முடிந்தால், உங்கள் விளக்கம் தெளிவாக இருக்கிறது என்று பொருள்.