மசூர்க்காவும் நாட்டு மரபும்

பியானோ இசையில் நாட்டு மரபு என்பது குருதிவழி வருவதா, கற்று அடைவதா? இவ்வினாவை ஆராய்தற்குப் போலந்து நாட்டு இசைப்புலவர் ஷோப்பன் (1810–1849) இயற்றிய மசூர்க்காக்களே தக்க களம் எனக் கருதுகின்றோம்.

மசூர்க்கா மூன்றெண் கொண்ட ஆடலிசை. அதன் அழுத்தம் முதலெண்ணில் நில்லாது இரண்டாவதிலோ மூன்றாவதிலோ சென்று விழும். அழுத்தம் பெற்ற எண் சிறிது நீளும். எத்துணை நீளும் என்பதை இசைக்குறி காட்டுவதில்லை. ஷோப்பன் வாசிக்கக் கேட்ட சார்லஸ் ஹாலே என்பார், அது நான்கெண்ணாகவே ஒலிக்கின்றது என்று அவர் முன்னிலையிலேயே எண்ணிக் காட்டினர். ஷோப்பன் நகைத்து, அஃது அவ்வாடலின் நாட்டுப்பண்பு என்றனர். மேயர்பேர் இவ்வாறே குறை கூறியபோது நகைத்திலர். சினந்தனர் என்பது மாணாக்கர் ஒருவர் குறிப்பு.

ஏட்டில் எழுதாத இவ்வழக்கு மாணாக்கர் வழியே பரவியது. ஷோப்பனிடம் கற்ற மிக்குலியிடம் ரோசென்தால் கற்றனர். ஆயின் அவர் லிஸ்ட் என்பாரிடமும் பயின்றமையின், மரபு கலப்பின்றி வந்தது எனல் சாலாது.

சுவையும் மாறிற்று. படரெவ்ஸ்கியின் இசைத்தட்டுகளில் இடக்கை முந்த வலக்கை பிந்தும். அக்காலத்தார்க்கு அஃது அழகு, பின்னையோர்க்கு வழு. ரூபின்ஸ்டைன் மசூர்க்காக்களை 1938–39, 1952–53, 1965–66 என மும்முறை பதிவு செய்தனர். முதற்பதிவில் துள்ளும் தாளம் இறுதிப்பதிவில் அடங்கி அமைதி பெறுகின்றது. ஒருவர் வாழ்நாளிலேயே நிகழ்ந்த இம்மாற்றத்தை முதுமையின் விளைவென்று மட்டும் கொள்ளுதல் பொருந்தாது. எழுதியவாறே வாசித்தல் வேண்டும் என்னும் புதுக்கொள்கை அப்போது எங்கும் ஓங்கியிருந்தது. முதற்பதிவையே யாம் விரும்புகின்றோம்.

வார்சாவில் 1927இல் தொடங்கிய ஷோப்பன் போட்டி இம்மரபைக் காக்க எழுந்தது. ஆனால் 1955இல் மசூர்க்காவுக்கென அமைந்த தனிப்பரிசைப் பெற்றவர் போலந்தினர் அல்லர்; சாங்காயில் பிறந்த ஃபூ சோங் என்னும் சீனர். போலந்து மண்ணில், போலந்து வானொலியின் பரிசாக அது வழங்கப்பெற்றது என்பதே கருதத்தக்கது. குருதிவழிக் கொள்கையினர் இதற்கு என்ன விடை கூறுவர்? நாட்டுப்பண்பு செவியால் கற்கத்தக்கதே என்று யாம் கொள்கின்றோம். கற்பிக்கும் செவிகள் ஒருதன்மைய அல்ல என்பதும் மறத்தற்கில்லை. 1980இல் போகோரெலிச் இறுதிச் சுற்றுக்கு எடுக்கப்படாமை கண்டு ஆர்கெரிச் நடுவர் குழுவினின்று விலகினர். அவ்வாண்டு முதற்பரிசு வியத்நாமியராகிய தாங் தாய் சோன் என்பாருக்குச் சென்றது.

2018இல் அந்நகரிலேயே பழங்காலப் பியானோக்களுக்கெனத் தனிப்போட்டியும் தோன்றிற்று. அக்கருவிகளில் ஒலி விரைந்து அடங்குதலின், நீளும் அவ்வெண் வேறொரு நடை பெறுகின்றது.