ஆட்டத்திற்கு முன் ஒரு பாட்டு



பந்தயத்துக்குப் புறப்படும் பிள்ளை, காதில் பாட்டுக் கருவியை மாட்டிக்கொண்டு மூலையில் உட்கார்ந்திருந்தால் நமக்குக் கோபம் வருகிறது. "ஆட்டத்தை நினைக்காமல் பாட்டுக் கேட்கிறானே!" என்று கடிந்துகொள்கிறோம். அவன் செய்வது வீண் வேலையா, அல்லது ஆட்டத்துக்கான ஆயத்தமா? இதைப் பற்றி இன்று சற்றுச் சிந்திப்போம்.

திடலில் ஆட்டம் தொடங்கும் முன்பே மனத்துக்குள் ஒரு போராட்டம் தொடங்கிவிடுகிறது. நெஞ்சு படபடக்கிறது, உள்ளங்கை வியர்க்கிறது, வாய் உலர்கிறது. பயிற்சியில் தவறாமல் கோல் அடித்தவன், கூட்டத்தைக் கண்டதும் கால் நடுங்கிப் பந்தை வெளியே அடிக்கிறான். இன்னொருவனோ உற்சாகமே இல்லாமல் தூங்கி வழிகிறான். எதிர்க்குழு ஒரு கோல் போட்ட பிறகுதான் விழித்துக்கொள்கிறான்.

தப்பு அடிப்பவர்களை நாம் பார்த்திருக்கிறோம். அடிப்பதற்கு முன் அதைத் தீயில் காட்டுவார்கள். காயாத தோல் தொய்ந்து மந்தமாக ஒலிக்கும். அளவுக்கு மீறிக் காய்ந்தால் கிழிந்துவிடும். விளையாட்டு வீரனின் உடலும் மனமும் அப்படித்தான். சூடு போதாமலும் இருக்கக் கூடாது. மிஞ்சியும் போகக் கூடாது. அந்த அளவைச் சரிப்படுத்த இசை உதவுகிறது.

எப்படி? உறுமி மேளம் முழங்கினால் நம் கால் தானாகவே தாளம் போடுகிறது அல்லவா? விரைவான தாளம் மூச்சையும் நாடித்துடிப்பையும் சற்றே உயர்த்தி, உடலுக்கு விறுவிறுப்பு ஊட்டுகிறது. மெதுவான இசை மூச்சைச் சீராக்கிப் படபடப்பைத் தணிக்கிறது. மேலும், மனம் பாட்டில் லயித்திருக்கும்போது, "தோற்றுவிட்டால் நாலுபேர் என்ன சொல்வார்கள்?" என்ற கவலைக்கு அங்கே இடம் குறைகிறது.

2008ஆம் ஆண்டு பெய்ஜிங் ஒலிம்பிக்கில் 8 தங்கப் பதக்கங்கள் வென்ற அமெரிக்க நீச்சல் வீரர் மைக்கல் பெல்ப்ஸ், குளத்தருகே வந்து நிற்கும்வரை பாட்டுக் கேட்டபடியே இருப்பார். அது அவருடைய ஆயத்தத்தில் ஒரு பகுதி.

குழு விளையாட்டுக்கு இசையால் இன்னொரு பயனும் உண்டு. அது ஒற்றுமை. 1995இல் தென்னாப்பிரிக்காவில் ரக்பி உலகக் கிண்ணப் போட்டி நடந்தது. நிறவெறி ஆட்சி முடிந்து ஓராண்டுதான் ஆகியிருந்தது. அந்நாட்டுக் குழுவில் ஒருவரைத் தவிர ஏனையோர் வெள்ளையர். கறுப்பின மக்கள் தங்கள் விடுதலைப் போராட்டத்தில் பாடிவந்த பாடல், அப்போது நாட்டுப் பண்களுள் ஒன்றாகியிருந்தது. அதன் சொற்கள் அந்த வீரர்களுக்குப் புதியவை. ஆட்டத்துக்கு முன் பாடுவதற்காக அவர்கள் அதை முயன்று கற்றார்கள். ஜூன் 24ஆம் நாள் ஜொகனஸ்பர்க்கில் நடந்த இறுதி ஆட்டத்தில், நியூசிலாந்தை 15-12 என்ற புள்ளிகளில் வென்றார்கள். பாட்டுத்தான் வெற்றி தந்தது என்று நாம் சொல்லவில்லை. ஆனால், சேர்ந்து பாடக் கற்றவர்கள் சேர்ந்து நிற்கவும் கற்றார்கள்.

நம் தோட்டத்துக் குழுக்களும் இதைச் செய்து பார்க்கலாம். செலவு ஒன்றுமில்லை. திடலுக்கு வேனில் போகும்போது, எல்லாருக்கும் பிடித்த துள்ளலான பாட்டு ஒன்றைப் போட்டுச் சேர்ந்து பாடட்டும். படபடப்பு மிகுந்த பிள்ளைக்கு அது ஒத்துவராது. அவன் தனியே அமர்ந்து அமைதியான பாட்டைக் கேட்கட்டும். எல்லாருக்கும் ஒரே பாட்டு என்று வற்புறுத்த வேண்டாம். காது நோகும் அளவுக்குச் சத்தமும் வேண்டாம். அது செவியைக் கெடுக்கும். பயிற்றுநர் பேசத் தொடங்கியதும் பாட்டை நிறுத்திவிட வேண்டும். அவர் சொல்லும் ஆட்டத் திட்டம் காதில் விழாவிட்டால், எந்தப் பாட்டும் கைகொடுக்காது.

பெற்றோர்களே! பயிற்சிக்குப் போகாமல் நாள் முழுதும் பாட்டுக் கேட்கும் பிள்ளையைக் கண்டியுங்கள், தவறில்லை. ஆனால், நாள்தோறும் பயிற்சி செய்தவன் ஆட்டத்துக்கு முன் கால் மணி நேரம் பாட்டுக் கேட்டால், அவனை விட்டுவிடுங்கள். திடலில் சிந்திய வியர்வைதான் ஆட்டத்தை வெல்லும். அந்த உழைப்பு, கடைசி நேர நடுக்கத்தால் வீணாகாமல் காப்பதே இசையின் வேலை.