கேள்வியாக வெளிவந்த எச்சரிக்கை

புதிய நோய் ஒன்று தலைகாட்டும் முதல் சில நாட்களில், அது எந்தக் கிருமியால் வருகிறது, எவ்வாறு பரவுகிறது என்பதை எவரும் அறிந்திருப்பதில்லை; எனினும் அதைப் பற்றிய பேச்சு அந்த நாட்களில்தான் பெருக்கெடுக்கிறது. 2003ஆம் ஆண்டின் தொடக்கத்தில் சீனாவின் குவாங்டாங் மாகாணத்தில் இனம் தெரியாத நிமோனியா பரவியபோது, அரசிடமிருந்து தெளிவான அறிவிப்பு வராத நிலையில், வினிகரைக் காய்ச்சி அதன் ஆவியை வீட்டுக்குள் பரவவிட்டால் நோய் அண்டாது என்று நம்பி மக்கள் கடைகளை மொய்த்தனர். மருத்துவமனைகளில் நோயாளிகள் இறந்துகொண்டிருந்தனர் என்ற உண்மையும் அதே பேச்சினூடேதான் பரவிக்கொண்டிருந்தது. இவ்வாறு கலந்து வரும் மெய்யையும் பொய்யையும் பிரித்தறிவதற்கு, 1994இல் தொடங்கப்பட்ட புரோமெட் என்னும் பன்னாட்டு நோய்க் கண்காணிப்புத் திட்டம் நடைமுறையில் ஒரு வழியை வகுத்திருக்கிறது.

மருத்துவர்களும் கால்நடை மருத்துவர்களும் பயிர்நோய் அறிஞர்களும் நாட்டு எல்லைகளைக் கடந்து நோய்ச் செய்திகளைப் பகிர்ந்துகொள்வதற்காக உருவான இத்திட்டம், 1999 முதல் பன்னாட்டுத் தொற்றுநோய்ச் சங்கத்தின் பொறுப்பில் இருந்துவருகிறது. செய்தி அனுப்புவதற்கு எவருக்கும் தடையில்லை. ஆனால் அனுப்பப்படுவது எதுவும் அப்படியே வெளியாவதில்லை. வருவனவற்றைப் படித்து, எது வெளியாகலாம் என்று தீர்மானிக்கும் நெறியாளர்கள் அதற்கு இருக்கிறார்கள். வைரஸ் நோய் பற்றிய செய்தி வைரஸியல் கற்றவரிடமும், ஆடுமாடுகளின் நோய் பற்றியது கால்நடை மருத்துவரிடமும் செல்கிறது. செய்தி எங்கிருந்து வந்தது என்பதைக் குறிப்பிட்டு, அதில் நம்பத்தக்கது எது, ஐயத்துக்குரியது எது, இன்னும் தெரியவேண்டியது எது என்று தம் கருத்தையும் அடியில் சேர்த்த பிறகே நெறியாளர் அதை வெளியிடுகிறார்.

உறுதிப்படாத செய்தியைப் பூட்டிவைத்தால் எச்சரிக்கை தாமதமாகும். உறுதியானதுபோல் வெளியிட்டால் பீதி கிளம்பும். இவ்விரண்டுக்கும் இடையில் புரோமெட் கையாளும் முறை தகவல் கோரிக்கை எனப்படும்: கேள்விப்பட்டதைக் கேள்விப்பட்டதாகவே சொல்லி, விவரம் அறிந்தவர் தெரிவிக்குமாறு கேட்பது. குவாங்சோ நகரில் மருத்துவமனைகள் மூடப்பட்டுவிட்டதாகவும் மக்கள் இறப்பதாகவும் கேள்வியுற்ற ஒருவர், இதுபற்றி யாருக்கேனும் தெரியுமா என்று கேட்டு எழுதிய சில வரிகள் 2003 பிப்ரவரி 10 அன்று இவ்வாறுதான் வெளியாயின. மறுநாள், 305 பேர் நோயுற்றதையும் அவர்களில் 5 பேர் இறந்ததையும் உலக சுகாதார நிறுவனம் சீனச் சுகாதார அமைச்சகத்தின் வழியே அறிந்தது. சார்ஸ் என்று பின்னர் பெயர் பெற்ற அந்த நோய் பல நாடுகளில் 8,000க்கும் மேற்பட்டோரைத் தாக்கி, 774 உயிர்களைப் பறித்தது.

அதே ஆண்டு ஏப்ரல் முதல் நாளில், ஹாங்காங்கில் ஒரு சிறுவன் நாளிதழ் ஒன்றின் இணையப் பக்கத்தைப் போலியாக உருவாக்கி, நகரம் நோய்த்தொற்றுள்ள துறைமுகமாக அறிவிக்கப்படும் என்று எழுதிவிட, உணவுப் பொருட்களை வாங்கிக் குவிக்க மக்கள் முண்டியடித்தனர். அரசே முன்வந்து அதை மறுக்க நேர்ந்தது. குவாங்சோ பற்றி வந்ததும் எழுதப்பட்டபோது உறுதிப்படாத செய்திதான். ஆயினும் அது தன் ஐயத்தை மறைக்கவில்லை. விடை சொல்லக்கூடியவர்களின் கண்ணில் பட்டது. ஹாங்காங் செய்தியோ உறுதியின் வேடமிட்டு, எதையும் சரிபார்க்க வழியற்ற மக்களிடம் நேரே போய்ச் சேர்ந்தது.

நெறியாளர்கள் இவ்வாறு பேசுபொருளின் எல்லையைக் காப்பது கருத்துரிமையைக் குறுக்குவதாகும் என்று கருதுவோர் உண்டு. நோய் அச்சம் மிகுந்த வேளையில் அறிஞர்களும் அரசின் மீது சினம் கொள்வதும், யார் மீது பழி என்று வாதிடுவதும், தமக்குப் பிடித்த மருந்தைப் பரிந்துரைப்பதும் இயல்பே. அவற்றுக்கெல்லாம் உரிய இடங்கள் வேறு இருக்கின்றன. நோயின் அறிகுறி, இடம், எண்ணிக்கை, பரவும் வழி ஆகியவற்றுக்கென்றே ஒதுக்கப்பட்ட இடத்தில் அவை வந்து குவியுமானால், முன்பின் அறியாத ஒருவர் கேட்கும் மூன்று வரிக் கேள்வி எவர் கண்ணிலும் படாமல் போய்விடும். அப்படிக் காக்கப்பட்ட இடத்தில்தான், 2012 செப்டம்பர் 20 அன்று, ஜெத்தா நகரில் பணியாற்றிய வைரஸியலாளர் அலி முகமது ஜாக்கி, தம் நோயாளி ஒருவரிடம் புதிய கொரோனா வைரஸைக் கண்டதாகப் புரோமெட் வழியே தெரிவித்தார். கத்தாரிலிருந்து வந்த நோயாளி ஒருவருக்கு லண்டனில் சிகிச்சை அளித்துக்கொண்டிருந்தோருக்கு அச்செய்தி வழிகாட்ட, மெர்ஸ் என்னும் நோயின் இரண்டாவது நோயாளி சில நாட்களுக்குள் உறுதிசெய்யப்பட்டார். வூஹான் நகரின் காரணம் அறியப்படாத நிமோனியா பற்றி 2019 டிசம்பர் 30 அன்று வெளியானதும் ஒரு தகவல் கோரிக்கையே.

இத்தகைய பணியைச் செய்யும் அமைப்பு, 2023இல் கடும் பணத் தட்டுப்பாட்டுக்கு உள்ளாகி, சம்பள நிலுவையால் மனம் நொந்த நெறியாளர்கள் பலர் வேலையை நிறுத்திவைக்கும் நிலைக்கு வந்தது மிகவும் வருந்தத்தக்கது. செய்திகளைத் திரட்டிக் கொடுக்க இன்று கணினி நிரல்கள் உள்ளன. ஆனால் ஒரு வட்டாரத்தின் மருத்துவமனைகளையும் பருவகாலத்தையும் கால்நடைச் சந்தைகளையும் அறிந்து, வந்த செய்தி இயல்பானதா, புதியதா என்று நிதானிக்கும் தேர்ச்சி பல ஆண்டுப் பழக்கத்தால் வருவது. அதை உடையவர்களைப் பீதி கிளம்பிய பிறகு தேடிப்பிடிக்க முடியாது.