குற்றால சீசன் கடை: எதை எவ்வளவு வாங்கி வைப்பது?

காலையில் சாரல் விழுந்தால் குற்றாலத்துக் கடைக்காரர்களுக்குச் சந்தோஷம். அதுவே மலையில் கனமழையாகி மெயின் அருவியில் வெள்ளம் கொட்டினால் குளிக்கத் தடை. வந்த வேன்கள் திரும்பிவிடும். கடையில் இறக்கிய மங்குஸ்தானைத் திருப்பி அனுப்ப முடியாது.

ஜூன் முதல் ஆகஸ்ட் வரையிலான சீசனை நம்பித்தான் இங்கே பல குடும்பங்கள் பிழைக்கின்றன. ஒரே கடையில் மங்குஸ்தானும் இருக்கும், ரம்புட்டானும் இருக்கும், குளிக்கிறவர்களுக்கான துண்டும் தொங்கும். எல்லாவற்றையும் ஒரே மாதிரி கொள்முதல் செய்தால் கையைக் கடிக்கும்.

பெரிய கம்பெனிகள் இதை ‘சப்ளை செயின்’ என்கின்றன. விற்பனையைக் கணிக்க முடிகிற பொருளுக்குச் செலவு குறைந்த வழி, கணிக்க முடியாத பொருளுக்கு வேகமான வழி என்று அமெரிக்கப் பேராசிரியர் மார்ஷல் ஃபிஷர் 1997-ல் எழுதினார். குற்றாலத்தில் அழுகலையும் சேர்த்துக் கணக்குப் போட வேண்டும்.

ஒரு பேச்சுக்கு, கிலோ 150 ரூபாய்க்கு வாங்கிய பழத்தை 220-க்கு விற்பதாக வைத்துக்கொள்வோம். சரக்கு இல்லை என்று ஆளைத் திருப்பி அனுப்பினால் போவது 70 ரூபாய் லாபம். விற்காமல் அழுகினால் போவது 150 ரூபாய் முதல். ஆகவே, வானம் சரியில்லாத நாளில் குறைத்து வாங்குவதே புத்திசாலித்தனம். ஆனால், மீதிப் பழத்தைச் சாயங்காலம் 130-க்குத் தள்ளிவிட முடிந்தால் நஷ்டம் வெறும் 20 ரூபாய்தான். அப்போது தைரியமாகக் கூடுதலாக இறக்கலாம். கடை எங்கே இருக்கிறது, சாயங்காலம் அந்த வழியாக ஆள் வருமா என்பதைப் பொறுத்து இந்தக் கணக்கே மாறிவிடும்.

கொஞ்சம் கொஞ்சமாகத் தினமும் எடுத்தால் கிலோவுக்குச் சில ரூபாய் கூடும்தான். மலைத் தோட்டங்களும், செங்கோட்டையைத் தாண்டினால் கேரளாவும் பக்கத்திலேயே இருப்பதால் தினக் கொள்முதல் சாத்தியம். துண்டுக்கு அந்தச் செலவு தேவையே இல்லை. இந்த வாரம் விற்காவிட்டால் அடுத்த வாரம். அதை மொத்தமாக, விலை பேசி வாங்குவதே லாபம்.

நேந்திரம் சிப்ஸ் இரண்டுக்கும் நடுவில். காயாக இருந்தால் சில நாள் தாங்கும். கூட்டத்தைப் பார்த்த பிறகு சீவி எண்ணெயில் போட்டால் போதும். சூடாகக் கிடைப்பதால் வாங்குகிறவர்களுக்கும் பிடித்துவிடுகிறது. இதையே சரக்கை ‘கடைசி நிமிடம்வரை முடிக்காமல் வைப்பது’ என்று நிர்வாகப் படிப்பில் தனிப் பாடமாக நடத்துகிறார்கள்!

அடுத்த முறை குற்றாலம் போனால் ரம்புட்டானின் முடியைக் கவனியுங்கள். நுனி கறுக்கத் தொடங்கியிருந்து, பொழுதும் சாய்ந்திருந்தால் தயங்காமல் பேரம் பேசலாம்.