பாட்டா, படமா? – எஸ். ராஜம்

நம்ம த்ரீ கிங்ஸ் ஊருக்கு ஏன் அந்தப் பெயர் வந்தது, தெரியுமா? முன்பு இங்கே மூன்று பெரிய எரிமலைக் குன்றுகள் தலை நிமிர்ந்து நின்றன. பார்த்தவர்கள் "மூன்று அரசர்கள்" என்றார்கள். பிறகு ரோடு போடவும் வீடு கட்டவும் கல் வேண்டும் என்று குன்றுகளை வெட்டினார்கள். இன்று பிக் கிங் ஒன்றுதான் உயரமாக நிற்கிறது. மற்ற அரசர்கள் எப்படி இருந்தார்கள் என்று தெரிய, பழைய படங்களைத்தான் பார்க்க வேண்டும்.

கர்நாடக இசையிலும் மூன்று அரசர்கள் உண்டு. சியாமா சாஸ்திரி, தியாகராஜர், முத்துசுவாமி தீட்சிதர். மூவரும் சுமார் 250 ஆண்டுகளுக்கு முன் திருவாரூர் என்ற ஒரே ஊரில் பிறந்தவர்கள். இவங்களை "மும்மூர்த்திகள்" என்று சொல்வாங்க. பாட்டு வகுப்புக்குப் போகிறவர்கள் இவர்கள் படத்தை டீச்சர் வீட்டுச் சுவரில் பார்த்திருப்பீங்க. தீட்சிதர் கையில் வீணை, தியாகராஜர் கையில் தம்பூரா.

ஆனால் ஒரு விஷயம். கேமரா உலகத்துக்கு அறிமுகமானது 1839இல். அதற்குள் சியாமா சாஸ்திரியும் தீட்சிதரும் காலமாகிவிட்டார்கள். தியாகராஜருக்கும் போட்டோ இல்லை. அப்போ சுவரில் இருக்கும் அந்தப் படம் எங்கேயிருந்து வந்தது?

ஒருவர் வரைந்தார். பல வீடுகளில் இன்றும் மாட்டியிருக்கும் மும்மூர்த்திகள் படத்தை வரைந்தவர் பெயர் எஸ். ராஜம். அவர் ஓவியர் மட்டும் இல்லை. பெரிய பாடகரும் கூட. ஒரே ஆள் எப்படி இரண்டும் ஆனார்? அதைத்தான் இந்தப் பாடத்தில் பார்க்கப் போகிறோம்.

பாட்டு நிறைந்த வீடு

ராஜம் 1919ஆம் ஆண்டு பிறந்தார். வளர்ந்தது சென்னை மயிலாப்பூரில். அப்பா சுந்தரம் ஐயர் ஒரு வக்கீல். வேலை கோர்ட்டில், ஆனால் ஆசை எல்லாம் சங்கீதத்தில். வீட்டில் பாட்டுச் சத்தம் எப்போதும் கேட்கும். மயிலாப்பூரில் கபாலீசுவரர் கோயில் இருக்கிறது. அந்தக் காலத்தில் மார்கழி மாதம் விடியற்காலையில், பாபநாசம் சிவன் என்ற பாடலாசிரியர் அந்தக் கோயிலைச் சுற்றியுள்ள மாட வீதிகளில் பஜனை பாடிக்கொண்டே நடந்து போவார்.

அந்தப் பாபநாசம் சிவனிடமே ராஜம் பாட்டுக் கற்றார். முத்துசுவாமி தீட்சிதரின் குடும்பத்தில் வந்த அம்பி தீட்சிதரிடமும் கற்றார். யோசிச்சுப் பாருங்க. தீட்சிதர் எப்படி இருந்தார் என்று பின்னாளில் வரையப் போகிற பையன், அவர் குடும்பத்துப் பெரியவர் முன்னால் உட்கார்ந்து அவருடைய பாட்டைப் பாடிக்கொண்டிருக்கிறான்!

1934இல் "சீதா கல்யாணம்" என்ற சினிமா வந்தது. தமிழ் சினிமா பேசத் தொடங்கி மூன்றே வருடம் ஆகியிருந்த காலம் அது. அதில் ராமராக நடித்தவர் 15 வயது ராஜம். சீதையாக நடித்தவர் அவருடைய சொந்தச் சகோதரி ஜெயலட்சுமி. சீதையின் அப்பா ஜனகராக, அவர்களுடைய அப்பாவே நடித்தார். ராஜத்தின் குட்டித் தம்பி பாலச்சந்தரும் அதில் உண்டு. ஒரு குடும்பமே சினிமாவுக்குள் போய்விட்டது!

படம் வந்த வழி

பாட்டு வீட்டிலிருந்து வந்தது. படம்?

ராஜம் சென்னை அரசு ஓவியப் பள்ளியில் சேர்ந்து படித்தார். அங்கே ஐரோப்பிய முறையில் வரையக் கற்றுக்கொடுத்தார்கள். எதிரே ஒரு மனிதரை உட்கார வைத்து, வெளிச்சம் எங்கே விழுகிறது, நிழல் எங்கே விழுகிறது என்று பார்த்து, அப்படியே வரைவது அந்த முறை.

ஆனால் அவர் மனம் போனது அஜந்தாவுக்கு. மகாராஷ்டிர மாநிலத்தில் மலையைக் குடைந்து செய்த குகைகள் அவை. உள்ளே சுவரெல்லாம் ஓவியம். மிகப் பழைய ஓவியங்களுக்கு 2000 வயதுக்கு மேல் ஆகிறது. அங்கே நிழலை விடக் கோடுதான் முக்கியம். நீளமான விரல்கள், பாதி மூடிய கண்கள், வளைந்து நிற்கும் உடல். எல்லாம் கோட்டிலேயே வந்துவிடும். தமிழ்நாட்டில் சித்தன்னவாசலிலும், இலங்கையில் சிகிரியாவிலும் இப்படிப்பட்ட பழைய ஓவியங்கள் உண்டு. லீவுக்குப் போனால் பார்த்துட்டு வாங்க.

ராஜம் அந்தப் பழைய வழியைத் தன் வழியாக எடுத்துக்கொண்டார். தாளில் நீர்வண்ணம் பூசுவார். பிறகு தாளைத் தண்ணீரில் நனைப்பார். அதிகமான வண்ணம் கரைந்து போகும். மீண்டும் பூசுவார், மீண்டும் நனைப்பார். கடைசியில் வண்ணம் மென்மையாக, மூடுபனி மாதிரி நிற்கும். இதற்கு ரொம்பப் பொறுமை வேண்டும்.

எழுபத்திரண்டு வீடுகள்

பாட்டை விட்டாரா? இல்லை. அகில இந்திய வானொலியின் சென்னை நிலையத்தில் பல ஆண்டுகள் வேலை பார்த்தார். யாரும் அதிகம் பாடாத ராகங்களைத் தேடிப் பாடினார்.

இங்கே கொஞ்சம் கணக்கு வருது, பயப்படாதீங்க. ஏழு சுவரங்கள்: ச, ரி, க, ம, ப, த, நி. சவும் பவும் மாறவே மாறாது. ம இரண்டு வகை. ரி, க சேர்ந்து 6 விதமாக வரும். த, நி சேர்ந்து இன்னொரு 6 விதமாக வரும். பெருக்குங்க: 6 × 6 × 2 = 72. இவைதான் 72 மேளகர்த்தா ராகங்கள்.

இந்த 72இல் 40 ராகங்கள் கொஞ்சம் சண்டைக்கார ராகங்கள். வழக்கமாக ரி உட்காரும் இடத்தில் க வந்து உட்கார்ந்துவிடும். அல்லது க இடத்தில் ரி உட்காரும். த, நியும் இதே மாதிரி இடம் மாறும். இவற்றுக்கு "விவாதி" என்று பெயர். பாடுவது கஷ்டம் என்று பலர் ஒதுக்கி வைத்தார்கள். கோடீசுவர ஐயர் என்பவர் 72 ராகங்களுக்கும் தமிழில் பாட்டு எழுதியிருந்தார். ராஜம் அந்தப் பாட்டுகளை எடுத்துப் பாடி, எல்லாரும் கேட்கும்படி செய்தார். ஏழு சுவரங்களையும் தெய்வ வடிவங்களாக ஓவியத்திலும் வரைந்தார். காதில் கேட்டது கண்ணுக்குத் தெரிந்தது!

ஒரே வீடு, இரண்டு வழி

தம்பி பாலச்சந்தர் என்ன ஆனார்? அண்ணனைவிட எட்டு வயது சின்னவர். சின்ன வயதிலேயே கஞ்சிரா வாசித்தார். பிறகு வீணையை எந்த ஆசிரியரும் இல்லாமல் தானே கற்று, உலகப் புகழ் பெற்றார். 1954இல் "அந்த நாள்" என்ற சினிமாவை இயக்கினார். அதில் ஒரு பாட்டுகூடக் கிடையாது! பாட்டு வீட்டில் வளர்ந்தவர், பாட்டே இல்லாத படம் எடுத்தார்.

கவனிச்சீங்களா? அண்ணனுக்கும் தம்பிக்கும் வீடு ஒன்றுதான். அப்பா ஒருவர்தான். கேட்ட பாட்டும் ஒன்றுதான். ஆனாலும் ஒருவர் பல குருக்களைத் தேடிப் போனார், இன்னொருவர் குருவே வேண்டாம் என்றார். ஒருவர் பழைய குகை ஓவியத்தைப் பிடித்தார், இன்னொருவர் புதிய கேமராவைப் பிடித்தார்.

சின்ன வயதில் கிடைப்பது விதை மாதிரி என்று பெரியவங்க சொல்வாங்க. எனக்கு அது சமையலறை அலமாரி மாதிரி தோன்றுகிறது. அரிசி, பருப்பு, புளி எல்லாம் அதில் வீட்டுக்காரர்கள் வாங்கி வைத்தது. என்ன சமைக்கிறோம் என்பது நம் கையில். ஆனால் அலமாரி காலியாக இருந்தால் எதையும் சமைக்க முடியாது, இல்லையா?

நானும் உங்களை மாதிரி வெளிநாட்டில் படித்தவன்தான். பத்து வயதில் பாட்டு வகுப்பு போர் அடிக்குது என்று நிறுத்திவிட்டேன். அம்மா ஒன்றும் சொல்லவில்லை. இன்று என் மகள் "இது என்ன ராகம், அப்பா?" என்று கேட்டால், எனக்குப் பதில் தெரியாது. இப்போ அவளோடு உட்கார்ந்து மறுபடியும் ச, ரி, க, ம கற்கிறேன். கஷ்டமாகத்தான் இருக்கு.

அதனால் சனிக்கிழமை காலையில் "எனக்கு ஏன் தமிழ்? எனக்கு ஏன் பாட்டு?" என்று கோபம் வந்தால், கோபப்படுங்க, தப்பில்லை. கூடவே ஒன்றை நினைச்சுக்கோங்க. உங்கள் அலமாரியில் ஏதோ ஒன்று சேர்கிறது. அதை வைத்து என்ன செய்யலாம் என்று பிறகு நீங்களே முடிவு செய்யலாம்.

ராஜம் 2010இல், 90 வயதில் காலமானார். "பாட்டா, படமா?" என்ற கேள்விக்கு அவர் வாழ்க்கை சொன்ன பதில்: இரண்டும்.

செய்து பார்ப்போம்

1. உங்கள் வீட்டில் அடிக்கடி கேட்கும் ஒரு பாட்டு எது? அதை யார் கேட்பாங்க, எப்போது கேட்பாங்க?
2. கண்ணை மூடி அந்தப் பாட்டைக் கேளுங்கள். என்ன நிறம் தோன்றுகிறது? அதை வரையுங்கள்.
3. தாத்தா பாட்டிக்குப் போன் போட்டு, சின்ன வயதில் அவங்க வீட்டில் என்ன பாட்டு கேட்டது என்று தமிழில் கேளுங்கள். அவர்கள் சொன்னதை ஐந்து வரிகளில் எழுதுங்கள்.
4. போட்டோ இல்லாத உங்கள் கொள்ளுத் தாத்தாவையோ கொள்ளுப் பாட்டியையோ வரைய வேண்டும். முதலில் யாரிடம், என்ன கேட்பீர்கள்?