புற்றரை மன்றம்

போர் தொடங்குவதற்கு ஒரு நாள் உண்டு. முடிவதற்கும் ஒரு நாள் உண்டு. சரித்திர நூல்கள் இவ்விரு நாட்களையும் தவறாது குறித்து வைக்கின்றன. ஆயின், போர் ஓய்ந்த மறுநாட் காலையில், கொன்றவனும் கொலையுண்டவனுடைய மனைவியும் ஒரே ஊற்றில் நீர் முகக்க வருவார்களாயின் ஆங்கு நிகழ்வது யாது என்பதை அந்நூல்கள் பெரும்பாலும் கூறுவதில்லை. உலகப்போரின் பின் 1945, 46-ஆம் ஆண்டுகளில் நியூரம்பர்க் நகரத்தில் கூடிய நீதிமன்றத்தின் நீதிபதிகள், தீர்ப்பளித்தபின் தத்தம் நாட்டுக்குத் திரும்பிப் போயினர். அங்ஙனம் போதற்கு வேறு நாடில்லாத மக்கள் நீதி செய்யப் புகுந்தால் அஃது எத்தன்மைத்தாயிருக்கும்? இவ்வினாவுக்கு ருவாண்டா தேசத்தின் அண்மைக் காலச் சரித்திரம் ஒருவாறு விடை தருகின்றது.

சென்ற ஆண்டு நம் கல்லூரி விவாத சபையில் தோழரொருவர், 'மன்னிப்பே சமாதானத்தின் வாயில்' என்று முழங்கினார். எல்லோரும் கைகொட்டினர், யானும் கொட்டினேன். பின்னர் ருவாண்டாவைப் பற்றிப் படிக்கலானேன். அன்று அத்துணை விரைந்து கைகொட்டியிருக்க வேண்டுவதில்லை என்று இப்போது தோன்றுகின்றது.

ருவாண்டா, ஆப்பிரிக்காக் கண்டத்தின் நடுவே 'ஆயிரங் குன்றுகளின் நாடு' என வழங்கும் சிறு தேசம். பரப்பு ஏறத்தாழ 26,000 சதுர கிலோமீட்டர். அதன் மக்களுள் ஹூட்டுக்கள் பெரும்பாலார், டூட்சிகள் சிறுபாலார், ட்வா என்போர் மிகச் சிலர். மூவரும் பேசுவது கின்யாருவாண்டா என்னும் ஒரே மொழி. வாழ்வது ஒரே குன்றுச் சாரல். தொழுவதும் பெரும்பாலும் ஒரே ஆலயத்தில். முதலில் ஜெர்மானியரும் பின்னர்ப் பெல்ஜியரும் அந்நாட்டை ஆண்டனர். பெல்ஜியர் 1930-களில் ஒவ்வொருவர்க்கும் அடையாளச் சீட்டு வழங்கி, அதில் அவரவர் இனத்தைப் பொறித்தனர். அறுபதாண்டுகளின் பின், சாலைத் தடைகளில் நின்ற கொலைஞர் முதலில் கேட்டது அச்சீட்டைத்தான்.

1962-இல் நாடு சுதந்தரம் அடையுமுன்னரே கலகங்கள் மூண்டு, டூட்சிகள் பலர் உகாண்டா முதலிய அயல் நாடுகளில் அடைக்கலம் புகுந்தனர். அவர்தம் மக்கள் திரட்டிய ருவாண்டா தேசபக்த முன்னணியின் படை 1990-ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்களில் எல்லை கடந்து வந்தது. மூன்றாண்டுப் போரின் பின் 1993-இல் அருஷா நகரில் உடன்படிக்கை கையெழுத்தாயிற்று. அக்கையெழுத்து ஓராண்டு நிலைக்கவில்லை. 1994 ஏப்ரல் 6-ஆம் நாள் இரவு, அதிபர் ஹப்யாரிமானா ஏறிவந்த விமானம் தலைநகராகிய கிகாலியின்மேற் சுட்டு வீழ்த்தப்பட்டது. மறுநாள் தொடங்கி ஏறக்குறைய நூறு நாட்களில் எட்டு லட்சம் பேர் மாண்டனர் என்பது ஐக்கிய நாடுகள் சபையாரின் மதிப்பு. பத்து லட்சத்துக்கும் மேல் என்பது அந்நாட்டு அரசாங்கத்தின் கணக்கு. மாண்டவருட் பெரும்பாலார் டூட்சிகள். கொலைக்கு உடன்படாத ஹூட்டுக்களும் அவருடன் மாண்டனர். வானொலி பெயர் சொல்லி ஏவிற்று. படையினரும் கொலைக் கூட்டத்தாரும் முன்னின்றனர். அண்டை வீட்டார் வெட்டுக்கத்தியும் தடியும் ஏந்திப் பின்சென்றனர். உலகப் படைகள் பார்த்திருந்தன. ஜூலைத் திங்களில் முன்னணியின் படை நாட்டைக் கைப்பற்றவே, கொலை நின்றது.

இனி நீதியைக் காண்போம். அவ்வாண்டு நவம்பரில் ஐக்கிய நாடுகளின் பாதுகாப்புச் சபை ருவாண்டாவுக்கென ஒரு சர்வதேச நீதிமன்றத்தை நிறுவிற்று. அப்போது அச்சபையில் உறுப்பினராயிருந்த ருவாண்டாவே அத்தீர்மானத்தை எதிர்த்து வாக்களித்தது என்பது வியத்தற்குரியது. மரண தண்டனை இல்லை என்பதும், நீதிமன்றம் அயல் நாட்டில் அமையும் என்பதும் அது கூறிய காரணங்களுட் சில. அங்ஙனமே அம்மன்றம் டான்சானியாவிலுள்ள அருஷாவில் அமைந்தது. 1998 செப்டம்பர் 2-ஆம் நாள், டாபா என்னும் ஊரின் தலைவராயிருந்த அக்காயேசு என்பார்க்கு அது வழங்கிய தீர்ப்பு, இனப்படுகொலைக் குற்றத்துக்காகச் சர்வதேச நீதிமன்றமொன்று அளித்த முதற்றீர்ப்பாம். பெண்டிரைக் கற்பழித்தலும் இனப்படுகொலையின் கருவியாகலாம் என்று அத்தீர்ப்பு நிலைநாட்டிற்று. இது சிறிய காரியமன்று. எனினும் 2015-ஆம் ஆண்டின் இறுதியில் அம்மன்றம் மூடப்படுங்காறும் அது குற்றஞ் சாட்டியது 93 பேரை மட்டுமே.

கொலை செய்தவரோ 93 பேர் அல்லர். சில ஆண்டுகளுக்குள் ருவாண்டாவின் சிறைகளில் 1,20,000-க்கு மேற்பட்டோர் அடைபட்டனர். ஒருவர் படுக்க மற்றவர் நிற்க வேண்டிய நெருக்கம். நாட்டின் நீதிபதிகளிலும் வழக்கறிஞர்களிலும் பலர் கொல்லப்பட்டோ ஓடியோ போயினர். உள்நாட்டு நீதிமன்றங்கள் 1996-இன் இறுதியில் விசாரணை தொடங்கி, பத்தாண்டு முயன்று முடித்தது ஏறக்குறைய பதினாயிரம் பேரின் வழக்கை. எஞ்சியோரை அவ்வேகத்தில் விசாரிப்பின் நூறாண்டுக்கு மேலாகும். கொன்றவனும் சாட்சியும் நீதிபதியும் மண்ணோடு மண்ணாய பின்னன்றோ தீர்ப்பு வரும்! 'முறைப்படி விசாரிக்க' என்று சொல்வோர் இக்கணக்கைச் சிறிது எண்ணிப் பார்க்க வேண்டும்.

இந்நெருக்கடியிலே அந்நாட்டார் தம் முன்னோர் வழக்கமொன்றை நினைந்தனர். அதன் பெயர் கச்சாச்சா. புல் என்னும் பொருளுடைய சொல்லினின்று வந்தது. நிலத்தகராறு, ஆட்டு மாட்டு வழக்கு முதலியவற்றை ஊர்ப் பெரியோர் புற்றரையில் அமர்ந்து தீர்த்து வந்த முறை அது. நம் பழந்தமிழில் மன்றம் என்பதும் முதலில் ஊர் நடுவே மரத்தடியிற் கூடிய பொதுவிடந்தானே. நீதிமன்றம் என்ற பெயர் பின்னரன்றோ எழுந்தது? ஆயினும் ஆடு திருடியவனை விசாரித்த புற்றரையில் கொலை பல செய்தவனை விசாரித்தல் இதற்கு முன் எந்நாட்டார் துணிந்தனர்?

2001-ஆம் ஆண்டில் சட்டம் பிறந்தது. குன்றுதோறும் மக்கள் 'நேர்மையாளர்' என்னும் பெயரால் நீதிபதிகளைத் தேர்ந்தனர். அவர் தொகை இரண்டரை லட்சத்துக்கும் மிகுதி. அவருட் பெரும்பாலார் உழவர், சம்பளம் இல்லை, சட்டம் படித்தவர் அல்லர், வாதிக்கும் பிரதிவாதிக்கும் வக்கீல்களும் இல்லை. 2002-இற் சோதனையாகச் சில இடங்களிலும், 2005 முதல் நாடெங்கும், ஏறக்குறைய 12,000 மன்றங்கள் வாரந்தோறும் கூடின. கொலையை வகுத்து ஏவிய தலைவர்களை வழக்கமான நீதிமன்றங்களுக்கு விட்டு, ஏனையோரை இவை விசாரித்தன. குற்றத்தை முழுதும் ஒப்புக்கொண்டு, உடன் வந்தோர் யாவர், உடலை எங்கே புதைத்தனர் என்று சொல்லி, ஊரார்முன் மன்னிப்பு வேண்டுபவனுக்குத் தண்டனை பெரிதுங் குறையும். அதிற் பாதியைச் சாலை அமைத்தல், கல்லுடைத்தல் முதலிய பொதுவேலையிற் கழிக்கலாம். மறுத்துப் பின் குற்றவாளியாய்க் காணப்பட்டவனுக்கு நெடுஞ்சிறை. 2012 ஜூன் 18-ஆம் நாள் இம்மன்றங்கள் முடிவெய்தியபோது, பத்து லட்சத்துக்கு மேற்பட்ட வழக்குகள் தீர்ந்திருந்தன.

இதனாற் பெற்ற பயன்களுள் தலையாயது எது? சிறை காலியானதன்று, எலும்பு கிடைத்ததே என்பேன். மகன் எவ்விடத்தில் விழுந்தான், எந்தக் குழியில் மூடப்பட்டான் என்றறியாது பத்தாண்டு கழித்த தாய்க்கு, அவ்விடத்தைக் காட்டக்கூடியவன் உலகில் ஒருவனே. அவன் வாய் திறந்தாலன்றி அவளுக்கு அடக்கஞ் செய்யும் உரிமையும் இல்லை. அருஷாவின் கற்றறிந்த நீதிபதிகளால் இவ்வொன்றை அவளுக்குத் தர இயலவில்லை. புற்றரை மன்றம் பலருக்குத் தந்தது.

ஆயின் அதன் விலை அவளிடமே பெறப்பட்டது. கணவனைக் கொன்ற விதத்தைக் கொலைஞன் வாயாலேயே ஊரார்முன் கேட்டு, அவன் விடுதலை பெற்று அடுத்த வீட்டுக்கு மீளக் காண்பது அவள் பங்கு. சாட்சி சொல்லியதற்காகக் கொலையுண்டோரும் உளர். நீதிபதிகளாய் அமர்ந்தோருட் பலர் தாமே குற்றஞ் சாட்டப்பட்டு நீக்கப்பட்டனர். பழம்பகை தீர்க்கப் பொய் வழக்கு இட்டோரும் இருந்தனர். வக்கீலில்லா மன்றத்தில் குற்றமற்றவனுக்குக் காப்பு யாது? மன்னிப்பு வேண்டுதல் சட்டத்தின் விதியாய பின், வேண்டுவோன் நெஞ்சத்தை அளப்பது எங்ஙனம்? மன்னித்தேயாக வேண்டும் என்று சட்டம் அவளைக் கட்டாயப்படுத்தவில்லை. ஆயினும் ஊர் முழுதும் அவள் முகத்தையே நோக்கி நிற்கையில், இல்லை என்று சொல்ல எத்தனை பேர்க்கு இயலும்? எம் விவாத சபைத் தோழர் அவளைக் கண்டிருப்பாராயின் வேறு சொல் தேடியிருப்பார்.

கிறிஸ்தவர்களாகிய நாம் இங்கே ஒன்றை மறைத்தற்கில்லை. ருவாண்டா மக்களுட் பெரும்பாலார் கிறிஸ்தவர். அடைக்கலம் தேடி ஆலயம் புகுந்தோர் ஆலயத்திலேயே கொல்லப்பட்டனர். நியமாட்டா, ந்தராமா என்னும் ஊர்க் கோயில்கள் இன்று நினைவிடங்களாய் நிற்கின்றன. நியாங்கே என்னுமிடத்தில் ஆலயத்தையே எந்திரத்தால் இடித்து, உள்ளிருந்த ஆயிரத்தைந்நூறு பேரளவினரைப் புதைத்தனர். அதற்கு உடந்தையான செரொம்பா என்னும் குருவானவர்க்குச் சர்வதேச நீதிமன்றம் 2008-இல் ஆயுட்சிறை விதித்தது. முகோனெரோவில் தஞ்சம் புகுந்திருந்த போதகர் எழுவர், தம் மேலதிகாரியாகிய போதகர் ந்தாக்கிருத்திமானாவுக்கு உதவி வேண்டிக் கடிதம் விடுத்தனர்; உதவி வரவில்லை; கொலைஞர் வந்தனர். அவருக்கு 2003-இற் பத்தாண்டுச் சிறை கிடைத்தது. கத்தோலிக்க சபையின் தவறுகளுக்காகப் போப்பரசர் பிரான்சிஸ் 2017-இல் ருவாண்டா அதிபர்முன் கடவுளிடம் மன்னிப்பு வேண்டினார். கொலைக்கும் அவ்வேண்டுதலுக்கும் இடையே இருபத்துமூன்று ஆண்டுகள்.

மற்றொரு குறையும் உண்டு, அது பெரிது. வென்ற படையினரும் 1994-இல் குடிமக்கள் பல்லாயிரவரைக் கொன்றனர் என்று மனித உரிமை ஆராய்ச்சியாளர் எழுதியுள்ளனர். அவ்வழக்குகள் புற்றரைக்கு வரவில்லை, வர விடப்படவுமில்லை. அருஷா மன்றமும் அவற்றுள் ஒன்றையேனும் எடுக்கவில்லை. ஆதலின் ஹூட்டு விதவையொருத்தி தன் மகன் எங்கே என்று கேட்கப் புற்றரையில் இடமில்லாது போயிற்று. இரு திறத்துக் கொலைகளும் அளவால் ஒன்றல்ல. அதனை மறுப்பது பொய்யாகும். எனினும் நூறு நாட்கொலை பெரிதென்பதால் அவள் மகன் உயிர் சிறிதாகுமோ? யான் நன்கு அறிந்த மட்டில், நியூரம்பர்க் முதலாக வென்றவர் அமைத்த மன்றங்கள் யாவும் இடறிய கல் இதுவே.

இன்று அந்நாட்டு அடையாளச் சீட்டில் இனப்பெயர் இல்லை. மரண தண்டனை 2007-இல் ஒழிக்கப்பட்டது. நெடுஞ்சிறை பெற்றோர் காலம் முடிந்து ஆண்டுதோறும் தம் குன்றுகளுக்கு மீள்கின்றனர். மன்றங்கள் மூடப்பட்டு ஆறாண்டு கழிந்தபின், 2018-இல், கிகாலியை அடுத்த கபுகா என்னுமிடத்திற் பெரும் புதைகுழிகள் வெளிப்பட்டன. அவற்றின்மேல் வீடுகள் எழும்பியிருந்தன. இருபத்துநான்கு ஆண்டுகளாக அவற்றை அறிந்திருந்தும் அயலார் சிலர் வாய் திறக்கவில்லை. வீடுகளை இடித்துத்தான் எலும்புகளை எடுத்தனர். தம் உறவினர் உடுத்திருந்த ஆடையின் துண்டேனும் அகப்படுமா என்று குழியருகே வந்து தேடியவர் பலர்.